யாழ்ப்பாணத்துச் சைக்கிளும் ஜேர்மனியின் வாடகை ஸ்கூட்டரும்

2023 மார்ச் 27, திங்கட்கிழமை. தொடருந்து ஊழியர்களின் ஈ.வி.ஜி சங்கமும் பொதுச்சேவை ஊழியர்களின் வெர்டி சங்கமும் ஒரே நாளில் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஜேர்மனி முழுவதும் தொலைதூரத் தொடருந்துகள் நின்றுபோயின. பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் பயணிகள் விமானமே இல்லை. பல மாநிலங்களில் நகரப் பேருந்துகளும் ட்ராம்களும் டிப்போவை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த ஆண்டு, 2024 பெப்ரவரி 2ஆம் திகதி, பவேரியா தவிர்ந்த ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் 80க்கும் மேற்பட்ட நகரங்களின் உள்ளூர்ப் போக்குவரத்து மறுபடியும் முடங்கியது.

வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்பவருக்கு இது ஒரு செய்தி மட்டும்தான். உணவகச் சமையலறையிலும் வைத்தியசாலைத் துப்பரவுப் பகுதியிலும் முதியோர் இல்லத்திலும் பொதிக் களஞ்சியத்திலும் வேலை செய்கின்ற எம்மவருக்கு அது ஒரு நாள் சம்பளம். வேலையிடத்துக்கு வந்து சேருவது ஊழியரின் பொறுப்பு என்பதே ஜேர்மன் தொழிற்சட்டத்தின் நிலைப்பாடு. பேருந்து ஓடவில்லை என்ற காரணத்தால் வேலைக்கு வராதவர் அந்த நேரத்துக்குச் சம்பளம் கேட்க முடியாது. காலை 5 மணிக்கு வேலை தொடங்குபவர் வேறு வழி தேடத்தான் வேண்டும்.

அந்த வேறு வழி தெருமுனையிலேயே நிற்கிறது போலத் தெரியும். பச்சை, செம்மஞ்சள், நீலம் என்று நிறத்துக்கு ஒரு கம்பனியாக வரிசையில் நிற்கும் வாடகை மின்ஸ்கூட்டர்கள். கைத்தொலைபேசியில் செயலியைத் திறந்து குறியீட்டைக் காட்டினால் பூட்டுத் திறக்கும். வாகன நெரிசல் இல்லை, நேர அட்டவணை இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. ஒரு நகரத்தின் போக்குவரத்து அடிபட்டு விழும்போது இவை அதைத் தாங்குமா என்ற கேள்வியை ஜேர்மனியின் கடந்த சில ஆண்டு அனுபவத்தை வைத்துப் பார்க்கலாம். ஒத்துப் பார்ப்பதற்கு எங்களிடமே ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

சட்டமும் கம்பனிகளும்

மின்ஸ்கூட்டர்களைத் தெருவில் அனுமதிக்கும் ஒழுங்குவிதி ஜேர்மனியில் 2019 ஜூன் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. உச்ச வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர். குறைந்த வயது 14. சாரதி அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் காப்புறுதித் தகடு கட்டாயம். சைக்கிள் பாதையில் ஓட வேண்டும்; அது இல்லாத இடத்தில் வீதியில் ஓட வேண்டும். நடைபாதையில் ஓடக்கூடாது. ஒரு வண்டியில் ஒருவர்தான்.

விதி வந்த சில மாதங்களுக்குள் பெர்லின், ஹம்பேர்க், கொலோன், மூன்ஷன் போன்ற நகரங்களில் ஆயிரக்கணக்கில் ஸ்கூட்டர்கள் இறக்கப்பட்டன. லைம், வோய், ரியர், சேர்க், பேர்ட் என்று கம்பனிகள் முண்டியடித்தன. முதலீட்டாளர்களின் பணம் தாராளமாக ஓடிய காலம் அது. அந்தப் பெயர்களுக்குப் பின்னர் என்ன நடந்தது என்று பாருங்கள். பெர்லினில் தொடங்கப்பட்ட சேர்க்கை 2020 ஜனவரியில் அமெரிக்கக் கம்பனியான பேர்ட் வாங்கியது. பேர்ட் 2022இல் ஜேர்மனியை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. பெர்லினில் 2018இல் பிறந்த ரியர், அதே 2022இல் ஊழியர்களை வேலைநீக்கம் செய்தது. 2024இல் டொட் என்ற கம்பனியோடு இணைந்தது. இன்று தெருவில் ரியர் என்ற பெயரே மறைந்துவிட்டது. ஐந்தாண்டுக்குள் பெயர், நிறம், செயலி எல்லாம் மாறிவிடுகிற ஒன்றை நம்பி ஒரு குடும்பம் தன் அன்றாடப் பயணத்தைத் திட்டமிடுவது கடினம்.

இதைவிடப் பெரிய சோதனை 2020 மார்ச்சில் வந்தது. கோவிட் முடக்கம் தொடங்கிய அந்த வாரங்களில் லைம், பேர்ட், வோய் ஆகியவை ஜேர்மனியில் தம் சேவையை நிறுத்தி வண்டிகளை அள்ளிக்கொண்டு போயின. காரணம் எளிது. ஆட்கள் வெளியே வரவில்லை, வருமானம் இல்லை. கம்பனியின் கணக்குப்படி அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் பலர் நெரிசலான பேருந்துக்குப் பயந்து தனியாகப் பயணம் செய்ய ஒரு வழி தேடிய வேளையும் அதுதான். நகரப் பேருந்துகளும் ட்ராம்களும் அட்டவணையைக் குறைத்தாலும் ஓடின. வைத்தியசாலைக்குத் தாதியையும் கடைக்குக் காசாளரையும் அவையே கொண்டுபோய்ச் சேர்த்தன. ஏனெனில் அவற்றுக்கு ஓட வேண்டிய கடமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. ஸ்கூட்டர் கம்பனிகளுக்கு அப்படி ஒரு கடமையும் இருக்கவில்லை. கோடையில் நிலைமை தணிந்ததும் அவை திரும்பி வந்தன.

தடைக்காலத்துச் சைக்கிள்

இந்த இடத்தில் எங்கள் பழைய அனுபவம் உதவுகிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்தேவி நின்றது. அது மறுபடி யாழ்ப்பாண நிலையத்தைத் தொட்டது 2014 ஒக்டோபர் 13ஆம் திகதிதான். பெற்றோலும் பற்றரியும் பொருளாதாரத் தடைக்குள் போயின. மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆனால் குடாநாட்டை உண்மையில் சுமந்தது சைக்கிள். முன் பாரில் பிள்ளை, பின் கரியரில் மனைவி, ஹாண்டிலில் பை என்று முழுக் குடும்பமும் ஒரு சைக்கிளில் இடம்பெயர்ந்ததைக் கண்டவர்கள் இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள். நெல் மூட்டை, விறகு, வருத்தக்காரர் எல்லாம் அதில்தான் போனது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகளும் இருந்தன.

இதை வெறும் ஏக்கத்துக்காகச் சொல்லவில்லை. அந்தச் சைக்கிள் தாக்குப்பிடித்ததற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் இருக்கின்றன. அது வீட்டுச் சொத்து. யாரும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து எரிபொருளோ மின்சாரமோ தேவையில்லை. ரியூப் ஒட்டுகிறவர் சந்திக்குச் சந்தி இருந்தார். ஒரு சைக்கிளின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தியது. ஓட்டுவதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

வாடகை ஸ்கூட்டர் இந்த ஒவ்வொன்றிலும் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. அது ஓட, உங்கள் கைத்தொலைபேசியில் மின்னேற்றம் இருக்க வேண்டும், இணையம் இருக்க வேண்டும், வங்கி அட்டையோ இணையக் கட்டணக் கணக்கோ இருக்க வேண்டும், வண்டிக்கும் கம்பனியின் கணினிக்கும் இடையே தொடர்பு இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பூட்டுத் திறக்காது. 2025 செப்டெம்பர் 9ஆம் திகதி பெர்லினின் தென்கிழக்கில் உயர் அழுத்த மின்கம்பங்களுக்குத் தீ வைக்கப்பட்டதில் சுமார் 50,000 வீடுகளும் நிறுவனங்களும் மின்சாரத்தை இழந்தன. முழுதும் சீராக இரண்டு நாட்களுக்கு மேல் எடுத்தது. மின்தடை நீண்டு கைத்தொலைபேசிக் கோபுரங்களும் அணைந்துவிட்டால், பற்றரி நிறைந்த ஸ்கூட்டரும் தெருவில் வெறும் இரும்பாகத்தான் நிற்கும். புதிதாக அகதித் தஞ்சம் கோரி வந்தவருக்கும், செயலிகளோடு மல்லுக்கட்ட முடியாத எங்கள் அம்மா அப்பாமாருக்கும் அது சாதாரண நாளிலேயே அப்படித்தான் நிற்கிறது.

தொழில்நுட்பத்தில் முன்னேற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. தொடக்க கால வண்டிகளை இரவில் வாகனங்களில் அள்ளிக்கொண்டு போய் மின்னேற்றிவிட்டுக் காலையில் மறுபடி பரப்பினார்கள். அந்த அலைச்சலே சூழலுக்குக் கேடாக இருந்தது. இப்போது பெரும்பாலான வண்டிகளில் பற்றரியை மட்டும் மாற்றுகிறார்கள். வண்டிகளின் ஆயுளும் கூடியிருக்கிறது. இருந்தாலும் ஜேர்மனியின் மத்திய சூழல் அலுவலகம் இவற்றைப் பெரிதாகப் புகழவில்லை. காரோடு ஒப்பிட்டால் நல்லது. நடைக்கும் சைக்கிளுக்கும் பதிலாக வந்தால் சூழலுக்கு இலாபம் இல்லை என்பதே அதன் கருத்து. நகர மையத்தில் வாடகை ஸ்கூட்டர் எடுப்பவர்களில் பெரும்பாலோர் அது இல்லாவிட்டால் நடந்தோ பொதுப் போக்குவரத்திலோ போயிருப்பவர்கள்தான்.

எங்கே நிற்கிறது, எவ்வளவு எடுக்கிறது

எம்மவர்கள் பலர் நகர மையத்தில் வசிப்பதில்லை. வாடகை குறைந்த புறநகர்த் தொடர்மாடிகளில் இருக்கிறோம்; வேலையிடமும் பல வேளைகளில் தொழிற்பேட்டையில், கடைசிப் பேருந்து நிறுத்தத்துக்கு அப்பால் இருக்கிறது. ஸ்கூட்டர் கம்பனிக்கு ஒரு வண்டி நாளுக்குப் பல தடவை ஓடினால்தான் இலாபம். ஆகவே வண்டிகள் தொடருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் சுற்றியே நிற்கும். வரைபடத்தில் ஒரு எல்லை போட்டிருப்பார்கள். அந்த எல்லைக்கு வெளியே போய் வண்டியை விட்டால் பயணத்தை முடிக்க முடியாது, கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கட்டணத்தையும் ஒருதரம் கணக்குப் பார்ப்பது நல்லது. அது நகருக்கு நகர், கம்பனிக்குக் கம்பனி மாறும். பூட்டைத் திறக்க 1 யூரோ, பின்னர் நிமிடத்துக்கு 25 சதம் என்று வைத்துக்கொள்வோம். கால் மணி நேரப் பயணத்துக்கு 4.75 யூரோ. போக வர 9.50. மாதத்தில் 20 நாள் என்றால் 190 யூரோ. நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்து, ட்ராம், பிராந்தியத் தொடருந்து எல்லாவற்றிலும் ஏறக்கூடிய டொச்லாண்ட் ரிக்கெற் 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கி, 2025இல் 58 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோவாக இருக்கிறது. வேலைநிறுத்த நாளில் இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு ஸ்கூட்டர் கைகொடுக்கும். அன்று எல்லாரும் அதைத்தான் தேடுவார்கள் என்பதால் ஒன்று கிடைத்தால். மாதம் முழுவதும் அதை நம்புவது அகதிக் குடும்பத்தின் பட்ஜெட்டுக்குப் பொருந்தாது.

சொந்தமாக ஒரு மடிப்பு ஸ்கூட்டர் வாங்கி, நிலையம் வரை அதில் போய், அதைத் தூக்கிக்கொண்டு தொடருந்தில் ஏறுவது மலிவான, உறுதியான வழியாக இருந்தது. என்னைக் கேட்டால் மின்ஸ்கூட்டரின் மிக உருப்படியான பயன்பாடே அதுதான். ஆனால் பற்றரி தீப்பிடிக்கும் ஆபத்தைக் காட்டி, ஜேர்மன் போக்குவரத்து நிறுவனங்களின் கூட்டமைப்பு 2024இல் இவற்றை வாகனங்களில் ஏற்ற வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பல நகரங்கள் தடை போட்டன, பெர்லினின் பி.வி.ஜி 2025 மே 1 முதல் தடை செய்தது. வாங்குவதற்கு முன் உங்கள் நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகரங்கள் என்ன செய்தன

தொடக்கத்தில் நகர நிர்வாகங்களின் கைகள் கட்டப்பட்டிருந்தன. வண்டியை நடைபாதையில் நிறுத்துவது எல்லாருக்கும் உள்ள பொது உரிமை என்று கம்பனிகள் வாதிட்டன. 2020 நவம்பரில் மூன்ஸ்டரில் உள்ள நோர்த்ரைன்-வெஸ்ற்பாலன் மாநில மேல் நிர்வாக நீதிமன்றம், டுசில்டோர்ஃப் நகரின் வாடகைச் சைக்கிள் வழக்கொன்றில், வாடகைக்கு விடுவதற்காகத் தெருவில் வண்டியை நிறுத்துவது சிறப்புப் பயன்பாடு, அதற்கு நகரின் அனுமதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் நகரங்கள் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவும், கட்டணம் அறவிடவும், நிறுத்துமிடம் குறிக்கவும் தொடங்கின. கொலோனில் அதற்குள் ரைன் நதியின் அடியில் சுமார் 500 ஸ்கூட்டர்கள் கிடப்பதாக மதிப்பிடப்பட்டு, 2021இல் சுழியோடிகளை இறக்க வேண்டி வந்தது.

கெல்சன்கிர்ஷன் இன்னும் ஒரு படி போனது. முதற் பயணத்துக்கு முன் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று நகரம் கேட்டது. கம்பனிகள் மறுத்து நீதிமன்றம் போய்த் தோற்றன. 2024 ஏப்ரல் 20ஆம் திகதியோடு அந்நகரிலிருந்து வாடகை ஸ்கூட்டர்கள் அகற்றப்பட்டன. பாரிஸ் 2023 ஏப்ரல் 2ஆம் திகதி மக்களிடமே கேட்டது. வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. வந்தவர்களில் 89 வீதத்தினர் வேண்டாம் என்றனர். அந்த ஆண்டு செப்டெம்பரிலிருந்து பாரிஸில் வாடகை ஸ்கூட்டர் இல்லை.

நடைபாதையில் தாறுமாறாக நிற்கும் வண்டிகள் யாரைப் பாதிக்கின்றன என்பதற்கு பிறேமனில் ஒரு வழக்கு நடந்தது. பார்வையற்ற ஒருவர் 2020 கோடையில் நடைபாதையில் நிறுத்தப்பட்டிருந்த ஸ்கூட்டர்களில் தடுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 2023 நவம்பரில் பிறேமன் உயர் மாநில நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது: கம்பனி அனுமதி நிபந்தனைகளை மீறவில்லை, நடைபாதையில் தடை இருக்கலாம் என்பதை வழிப்போக்கர் எதிர்பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். என் மனம் ஒப்பவில்லை.

பிள்ளைகளும் சட்டமும்

மின்ஸ்கூட்டர் விபத்துகளில் 2020இல் காயம் ஏற்பட்டவை 2,155, இறந்தவர் 5. 2024இல் அது 11,944 விபத்துகளாகவும் 27 மரணங்களாகவும் உயர்ந்தது. இது மத்திய புள்ளிவிபர அலுவலகத்தின் கணக்கு. சொந்த வண்டிகளும் இதில் அடங்கும். ஓட்டுபவர்களில் பெரும் பங்கு இளையவர்கள். தவறான பாதையில் ஓடுவதும் மதுவும் முக்கிய காரணங்கள்.

இந்த மதுப் பிரச்சினையில் பல பெற்றோர் அறியாத ஒன்று உண்டு. கொண்டாட்டம் முடிந்து காரை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வருவது புத்திசாலித்தனம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மின்ஸ்கூட்டர் சட்டப்படி மோட்டார் வாகனம். சைக்கிளுக்கு உள்ள 1.6 என்ற எல்லை இதற்குப் பொருந்தாது. 0.5 புரோமிலைத் தொட்டாலே 500 யூரோ தண்டமும் ஒரு மாத ஓட்டத் தடையும் இரண்டு புள்ளிகளும். 21 வயதுக்கு உட்பட்டவருக்கும் அனுமதிப்பத்திரத்தின் பரீட்சார்த்த காலத்தில் உள்ளவருக்கும் மதுவே கூடாது. 1.1 புரோமிலைத் தாண்டினால் அது குற்றவியல் வழக்கு. 2020 ஜூலையில் பவேரிய உயர் மாநில நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. வழமையாக அனுமதிப்பத்திரமும் பறிபோகும். டாக்ஸியோ பொதி வாகனமோ ஓட்டிச் சீவிக்கும் ஒருவருக்கு அதன் பொருள் வேலை இழப்பு.

குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கும் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குற்றத் தண்டம் ஜேர்மனியில் நாள்வீதக் கணக்கில் விதிக்கப்படுகிறது. 90 நாள்வீதம் வரையான தண்டத்தைக் குடியுரிமைச் சட்டம் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பல தண்டங்கள் இருந்தால் அவை கூட்டப்படும். போதையில் ஓட்டிய ஒரு வழக்கு, காப்புறுதி இல்லாமல் ஓட்டிய இன்னொரு வழக்கு என்று சேர்ந்தால் அந்த எல்லை தூரத்தில் இல்லை.

காப்புறுதி இல்லாமல் ஓட்டுவதும் குற்றமே. தகடு ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1ஆம் திகதி புதுப்பிக்கப்பட வேண்டும். நிறமும் அத்துடன் மாறும், ஆகவே பொலிஸார் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். இணையத்தில் மலிவாக வாங்கிப் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் வண்டிகளில் சில ஜேர்மன் அனுமதி இல்லாதவை. சில 20ஐத் தாண்டி ஓடும். அப்படியான வண்டிக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம்; அது இல்லாத பிள்ளையை ஓட்டவிட்ட பெற்றோரும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டும். வாடகைக் கம்பனிகள் பெரும்பாலும் 18 வயதைக் கேட்கின்றன. அப்பாவின் கணக்கில் மகன் ஓடி விபத்து நடந்தால், கணக்குக்காரர் என்ற வகையில் கடிதம் அப்பாவுக்குத்தான் வரும். வாடகையில் அடங்கியுள்ள காப்புறுதி மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. ஓட்டியவரின் சொந்தக் காயத்துக்கு அது பொறுப்பில்லை.

தாங்கி நிற்பவை

2024 செப்டெம்பர் 11 அதிகாலையில் டிறெஸ்டனில் கறோலா பாலத்தின் ஒரு பகுதி எல்ப நதிக்குள் இடிந்து விழுந்தது. விழுந்தது ட்ராம் பாதை போன பகுதி; சில நிமிடங்களுக்கு முன்தான் ஒரு ட்ராம் அதைக் கடந்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அந்த வழியால் போன ட்ராம்களை நகரம் மற்றப் பாலங்கள் வழியே திருப்பிவிட்டது. ஒரு பாலம் போனால் இன்னொரு பாலம், ஒரு வழி போனால் இன்னொரு வழி என்று முன்கூட்டியே இருந்ததால்தான் அது முடிந்தது. ஸ்கூட்டரையும் அந்த இன்னொரு வழிகளில் ஒன்றாக, ஆனால் பொதுப் போக்குவரத்தின் ஒழுங்குக்குள் வைத்தால் பயனுண்டு. பெர்லினின் பி.வி.ஜி 2019இலிருந்து ஜெல்பி என்ற செயலியில் பேருந்து, ஸ்கூட்டர், சைக்கிள், பகிர்வுக் கார் எல்லாவற்றையும் ஒன்றாகத் தருகிறது. நிலையங்களுக்கு அருகே அவற்றுக்கு நிறுத்துமிடமும் குறித்திருக்கிறது.

எங்கள் குடும்பங்களுக்கு இதைவிட உடனே பயன்படக்கூடியவை வாடகைச் சைக்கிள் திட்டங்கள். கொலோனின் போக்குவரத்து நிறுவனமான கே.வி.பி 2015இலிருந்து தன் பெயரிலேயே சைக்கிள் விடுகிறது. அதன் சந்தாதாரருக்கு ஒவ்வொரு பயணத்திலும் முதல் 30 நிமிடம் இலவசம். எம்மவர்கள் செறிந்து வாழும் றூர்ப் பகுதியில் டோர்ட்முண்ட், போகும், எஸ்சன் உட்படப் பல நகரங்களை இணைக்கும் மெற்றோபோல்றாட்றூர் 2010இல் தொடங்கியது. ஹம்பேர்க்கின் ஸ்ரட்றாட் அதற்கும் ஓராண்டு முந்தியது. இவையும் செயலியில்தான் திறக்கின்றன. ஆனால் நகரத்தோடு செய்த ஏற்பாட்டின் பேரில் ஓடுவதால் நிறம் மாறி, பெயர் மாறி, ஓரிரவில் காணாமல் போகவில்லை. கீழ்க்களஞ்சிய அறையில் தூசி படிந்து கிடக்கும் பழைய சைக்கிளுக்குக் காற்று அடித்து வைப்பது அதைவிடவும் மலிவு.

எந்தப் பகுதிக்கு எத்தனை மணி வரை பேருந்து என்பதை நகரமோ மாவட்டமோ தயாரிக்கும் உள்ளூர்ப் போக்குவரத்துத் திட்டம் தீர்மானிக்கிறது. வாடகை ஸ்கூட்டர் கம்பனிகளுக்குப் புறநகரிலும் வண்டி விட வேண்டும் என்ற நிபந்தனையை, சிறப்புப் பயன்பாட்டு அனுமதி கொடுக்கும்போது நகரம் போடலாம். இரண்டும் மாநகரசபையின் போக்குவரத்துக் குழுவில் பேசப்படுபவை. அக்குழுக்களின் அமர்வுகள் பொதுவாக மக்களுக்குத் திறந்தவை. இரவு வேலை முடிந்து 1 மணிக்குத் தொழிற்பேட்டையில் நிற்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வழி என்று அங்கே கேட்பதற்கு ஜேர்மன் கடவுச்சீட்டுத் தேவையில்லை. கூட்ட நாட்கள் மாநகரசபையின் இணையத்தளத்தில் இருக்கும்.